வேகமாகச் சிமிட்டும் சிக்னல்: பழுதா, செய்தியா?

பேரவை மலருக்குக் காரின் சிக்னல் விளக்கைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், மலர்க்குழுவில் இருந்த தோழி ஒருத்தி சிரித்துவிட்டாள். "கவிதை தருவேன்னு பார்த்தா, பட்டறை வேலையா தர்றே?" என்றாள். நான் பொறியியல் மாணவியும் அல்லள். மூன்றாம் ஆண்டில் கணக்கியல் படிக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் நம்மில் பலர் மாமாவோ அண்ணனோ ஓட்டிக் கழித்த பழைய காரைத்தான் வளாகத்திற்குக் கொண்டு வந்திருக்கிறோம். அந்தக் காரில் ஒரு நாள் சிக்னல் படபடவென்று வேகமாக அடிக்கத் தொடங்கும். அப்போது என்ன செய்யக் கூடாதோ, அதையே நான் செய்தேன். அதனால் ஒருவர் சாலையில் விழுந்தார்.

நடந்தது என்ன?

என்னுடையது தாய்மாமா கொடுத்த 2004-ஆம் ஆண்டுக் கஞ்சில். அறைத்தோழிகள் நால்வரும் எண்ணெய்ச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு ஓட்டுகிறோம். கடந்த ஆண்டு நவம்பரில் ஒரு நாள், இடப்பக்கச் சிக்னலைப் போட்டால் மட்டும் 'டிக் டிக் டிக்' என்று வழக்கத்தைவிட வேகமாக அடித்தது. வலப்பக்கம் சரியாகவே இருந்தது. "காடிக்கும் உன்னை மாதிரி அவசரம்" என்று தோழிகள் கேலி செய்தார்கள். வேகமாக அடித்தால் மற்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்தானே என்று நானும் இரண்டு வாரம் விட்டுவிட்டேன்.

பிறகு அந்தச் சத்தம் எரிச்சலூட்டவே, ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சிக்னலைப் போட்டுக் கேட்டார். "ரிலே போயிருக்கு" என்றார். பத்தே நிமிடத்தில் வேறு ஒன்றை மாட்டி, பழையதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். 45 வெள்ளி. சிக்னல் பழையபடி நிதானமாக அடித்தது. எனக்கு நிம்மதி. அவர் காரின் பின்பக்கம் போகவே இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. நானும் போகவில்லை.

ஜனவரியில் பேரவையின் பொங்கல் விழாவுக்குப் பானையும் கரும்பும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வளாகத்திற்குள் நுழையும் இடப்பக்கத் திருப்பத்தில் சிக்னலைப் போட்டு, வேகத்தைக் குறைத்துத் திருப்பினேன். பின்னால் இடது ஓரமாக வந்த மோட்டார் சைக்கிள் சறுக்கிக்கொண்டு போய்ப் புல்தரையில் சாய்ந்தது. காரின் மீது மோதவில்லை. ஓட்டி வந்தவருக்கு என் அப்பா வயது இருக்கும். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு. முன்கூடையில் இருந்த சாப்பாட்டுப் பொட்டலம் சாலையில் சிதறிக் கிடந்தது.

"சிக்னல் போட மாட்டீங்களாம்மா?" என்றார்.

"போட்டேன் அங்கிள். இப்பவும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"எங்க அடிக்குது? பின்னால வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். முன்விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இடப்பக்கம் ஒரே இருட்டு. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பார்த்து ஓட்டுங்கம்மா, நாங்க பின்னாலதானே வர்றோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டாரை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அப்பா கேட்ட ஒரே கேள்வி

அன்றிரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். அப்பா லாரி ஓட்டுநர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வேகமா அடிச்சது ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா?"

"இடது பக்கம் மட்டும்தான்பா."

"ரெண்டு பக்கத்துக்கும் ரிலே ஒன்னுதான்மா. ரிலே கெட்டிருந்தா ரெண்டு பக்கமும்தானே கெட்டிருக்கணும்? பின்னால பல்பு எரிஞ்சு போச்சுன்னு அது உங்ககிட்ட கத்திச் சொல்லுச்சு. நீங்க காசு கொடுத்து அது வாயை அடைச்சிட்டீங்க."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பல்பு எரிந்து போனால் மற்ற விளக்குகள் ஏன் வேகமாக அடிக்க வேண்டும்? அதைத் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததை இனி எழுதுகிறேன்.

கணக்குப் பார்க்கும் ரிலே

சிக்னல் கம்பியைக் கீழே தள்ளினால் மின்கலத்திலிருந்து வரும் மின்சாரம், ரிலே என்ற சிறு பெட்டி வழியாக அந்தப் பக்கத்து விளக்குகளுக்குப் போகிறது. சுற்றை மூடி மூடித் திறப்பதுதான் ரிலேயின் வேலை. நாம் கேட்கும் 'டிக் டிக்' சத்தம் அதன் உள்ளே இருக்கும் தொடுமுனைகளின் சத்தமே.

ஒரு பக்கத்தில் பொதுவாக மூன்று பல்புகள் இருக்கும். முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், பல கார்களில் பக்கவாட்டில் 5 வாட் சிறு பல்பு ஒன்று. மொத்தம் 47 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 3.9 ஆம்பியர் மின்னோட்டம். பின்பல்பு எரிந்து போனால் மிஞ்சுவது 26 வாட். மின்னோட்டம் 2.2 ஆம்பியருக்கு இறங்கிவிடும்.

மின்னணு ரிலேயின் உள்ளே மிகச் சிறிய மின்தடை ஒன்று உண்டு. விளக்குகளுக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் அதைக் கடந்தே போக வேண்டும். அந்த மின்தடையில் எவ்வளவு வோல்ட் இறங்குகிறது என்பதை ரிலேயின் சில்லு ஒவ்வொரு சிமிட்டலிலும் அளக்கிறது. கணக்கியல் மாணவியின் மொழியில் சொன்னால், பேரேட்டில் 3.9 இருக்க வேண்டிய இடத்தில் 2.2 வந்தால் கணக்கு இடிக்கிறது. உடனே அது சிமிட்டும் வேகத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கிவிடும். ஓட்டுநரால் பின்விளக்கைப் பார்க்க முடியாது. ஆனால் சத்தத்தைக் கேட்க முடியும். அதற்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

இது ஏதோ ஒரு நிறுவனத்தின் விருப்பம் மட்டும் அன்று. ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விளக்குகள் பற்றிய 48-ஆம் விதி, சிக்னல் விளக்கு நிமிடத்திற்கு 90 முறை சிமிட்ட வேண்டும் என்கிறது. 30 கூடலாம் அல்லது குறையலாம்; அதாவது 60 முதல் 120 வரை. ஒரு விளக்கு பழுதானால் ஓட்டுநர் முன் உள்ள அடையாள விளக்கு அணைந்துவிட வேண்டும், அல்லது சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அல்லது அதன் வேகம் தெளிவாக மாற வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நாம் எரிச்சல்படும் அந்த வேகம் விதிப்படி நமக்கு வரும் அறிவிப்பு.

மிகப் பழைய வண்டிகளில் இருந்த வெப்ப வகை ரிலே இப்படிக் கணக்குப் பார்க்காது. அதில் இரு உலோகத் தகடு ஒன்று மின்னோட்டத்தால் சூடாகி வளைந்து சுற்றைத் திறக்கும், ஆறியதும் மூடும். ஒரு பல்பு போய்விட்டால் மின்னோட்டம் குறைந்து தகடு சூடாக நேரமாகும். அதனால் விளக்கு மெதுவாகச் சிமிட்டும், அல்லது சிமிட்டாமலே எரிந்துகொண்டிருக்கும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் பொருள் ஒன்றுதான்.

ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடம்

இங்கே ஒரு கேள்வி எழலாம். பின்பல்பு எரிந்து போனால் முன்பல்பும் அணைந்து போக வேண்டாமா?

இதற்கான பதில் எனக்கு எப்போதோ தெரிந்திருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் ஆசிரியை இரண்டு சிறு மின்குமிழ்களையும் உலர்மின்கலத்தையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தொடர் மின்சுற்றில் ஒரு குமிழைக் கழற்றினால் மற்றதும் அணைந்தது. இணை மின்சுற்றில் ஒன்றைக் கழற்றியும் மற்றது எரிந்தது. வகுப்பே கைதட்டியது. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் அதே பாடம் மலாயில் வந்தது. மின்குமிழ் 'மெந்தோல்' ஆனது, இணை மின்சுற்று 'லித்தார் செலாரி' ஆனது. இரண்டு மொழியிலும் தேர்வில் சரியாக எழுதினேன். ஆனால் மேசைமேல் இருந்த அந்த மின்குமிழ்தான் என் காரின் பின்னாலும் இருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

சிக்னல் விளக்குகள் இணை மின்சுற்றில் இருக்கின்றன. அதனால்தான் ஒன்று எரிந்து போனாலும் மற்றவை சிமிட்டுகின்றன. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் ஏமாந்து போவதும் அதனால்தான்.

நீங்களே கண்டுபிடிக்கலாம்

உங்கள் காரில் சிக்னல் வேகமாக அடித்தால், பட்டறைக்குப் போகும் முன் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது.

முதலில் எண்ணுங்கள். கைப்பேசியில் 15 விநாடி வைத்து எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். என் காரில் வலப்பக்கம் 15 விநாடியில் 21 முறை, அதாவது நிமிடத்திற்கு 84. இடப்பக்கம் பழுதோடு இருந்தபோது 38, அதாவது 152. (இடப்பக்கத்தைப் பழைய ரிலேயுடன் பிறகு எண்ணினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

இரண்டாவது, அப்பாவின் கேள்வியைக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேகமென்றால் கோளாறு அந்தப் பக்கத்துப் பல்பில், அதன் இருப்பில் அல்லது கம்பியில் இருக்கிறது. இரு பக்கமும் வேகமாக அடித்து, எல்லா விளக்குகளும் நன்றாக எரிந்தால் மட்டுமே ரிலேயைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தி அவசர விளக்குகளைப் போடுங்கள். பிறகு இறங்கிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பின்னால் நின்று பார்க்க ஆள் தேவையில்லை, தனியாகவே செய்யலாம். எரியாத விளக்கு எதுவென்று உடனே தெரியும். ஆனால் அவசர விளக்கு நிதானமாக அடிக்கிறதே, எல்லாம் சரி என்று எண்ணிவிடாதீர்கள். அப்போது இரு பக்கத்து விளக்குகளும் சேர்ந்து எரிவதால் மொத்த மின்னோட்டம் அதிகம். ஒரு பல்பு குறைவது பெரும்பாலும் ரிலேயின் கணக்கில் தெரியாது. காதால் கேட்காமல் கண்ணால் பாருங்கள்.

பக்கவாட்டுச் சிறு விளக்கையும் மறக்காமல் பாருங்கள். 5 வாட் பல்பு ஒன்று போனால் மின்னோட்டம் 3.9-லிருந்து 3.5 ஆம்பியருக்குத்தான் இறங்கும். இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பல ரிலேக்கள் பொருட்படுத்துவதில்லை.

நான்காவது, எரியாத பல்பைக் கழற்றிப் பாருங்கள். விளக்கை அணைத்துச் சற்று ஆறவிட்டு, பல்பை மெல்ல உள்ளே அழுத்தி இடப்புறமாகத் திருப்பினால் வெளியே வந்துவிடும். உள்ளே உள்ள இழை அறுந்திருந்தாலோ, கண்ணாடி கறுத்திருந்தாலோ பல்பு போய்விட்டது. அந்தப் பழைய பல்பையே உதிரிபாகக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கு இரண்டு வெள்ளிதான் ஆனது.

வாங்கும்போது ஒரு கவனம். 21 வாட் இருந்த இடத்தில் 5 அல்லது 10 வாட் பல்பைப் போட்டால், புதிய பல்பு எரிந்தாலும் சிக்னல் வேகமாகவே அடிக்கலாம். தெளிந்த கண்ணாடிப் பல்பு, மஞ்சள் மூடி உள்ள விளக்குக்கு உரியது. நிறமில்லா மூடி என்றால் பல்பே மஞ்சளாக இருக்க வேண்டும். இவ்விரு 21 வாட் பல்புகளின் அடியில் உள்ள ஊசிகள் ஒரே மாதிரி இருக்கா. தெளிந்த பல்பில் நேர் எதிரெதிராகவும், மஞ்சள் பல்பில் சற்றுக் கோணலாகவும் இருக்கும். ஒன்று மற்றதன் இடத்தில் உட்காராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. உட்காரவில்லை என்றால் அடித்து நுழைக்காதீர்கள்.

பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லையா?

அப்படியானால் பல்பு உட்காரும் இருப்பைப் பாருங்கள். நம் நாட்டு மழைக்குப் பழைய காரின் பின்விளக்கு மூடியில் ஒரு சிறு விரிசல் இருந்தாலே போதும், உள்ளே நீர் சேர்ந்துவிடும். பித்தளை முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ களிம்பு பிடித்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். ஆனால் நீர் வரும் வழியை அடைக்காவிட்டால் களிம்பு மீண்டும் வரும்.

அடுத்தது எர்த் கம்பி. விளக்குக்குப் போன மின்சாரம் காரின் உடல் வழியாகத்தான் மின்கலத்திற்குத் திரும்புகிறது. அந்த இணைப்பு துருப்பிடித்தால், திரும்ப வழியின்றி மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியே ஓடப் பார்க்கும். சிக்னலோடு சேர்ந்து பின்சிவப்பு விளக்கும் மங்கலாகச் சிமிட்டுகிறதா? பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்குகிறதா? எர்த் கம்பி திருகப்பட்டிருக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கி இறுக்க வேண்டும். இதற்கு மேல் போனால் கம்பி வேலை தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. ஆனால் அப்போது நீங்கள் "சிக்னல் வேகமா அடிக்குது" என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள். "இடது பின்விளக்கு எரியல, பல்பு நல்லா இருக்கு, எர்த்தைப் பாருங்க" என்பீர்கள். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் விலையில் வேறுபாடு உண்டு.

எல்.இ.டி. மாட்டும் அண்ணன்மாருக்கு

அழகுக்காகச் சிக்னலில் எல்.இ.டி. பல்பு மாட்டும் நண்பர்கள் நம்மிடையே நிறைய. 21 வாட் இழை பல்பின் இடத்தில் சில வாட் மட்டுமே எடுக்கும் எல்.இ.டி. வந்தால், ரிலே அதைப் பல்பு எரிந்து போனதாகவே கணக்கிடும். சிக்னல் வேகமாக அடிக்கும். இதற்கு இரண்டு தீர்வுகள் விற்கப்படுகின்றன.

ஒன்று, விளக்குக்கு இணையாக ஒரு மின்தடையைச் சேர்ப்பது. பொதுவாக 6 ஓம், 50 வாட் அளவில் கிடைக்கும். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர் எடுத்து 24 வாட்டை வெறும் வெப்பமாக மாற்றும். கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும் என்பதால் பிளாஸ்டிக்கிலோ கம்பிக்கட்டிலோ ஒட்டி வைக்கக் கூடாது. காரின் உலோகத்தில்தான் திருக வேண்டும். மின்சாரம் மிச்சமாகும் என்று எல்.இ.டி. வாங்கியவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

மற்றொன்று, எல்.இ.டி.க்கென உள்ள ரிலே. எவ்வளவு குறைந்த மின்னோட்டம் போனாலும் அது ஒரே வேகத்தில் அடிக்கும். வசதிதான். ஆனால் அது கணக்குப் பார்ப்பதே இல்லை. எந்த விளக்கு அணைந்தாலும் உங்களிடம் சொல்லாது. அந்த ரிலேயைப் போட்டவர்கள் வாரம் ஒரு முறையாவது காரைச் சுற்றிப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

என் கஞ்சிலில் அந்தப் பட்டறைக்காரர் மாட்டியது இந்த வகைதான். இழை பல்புகள் உள்ள காருக்கு அது தேவையே இல்லை.

புதிய கார்கள் பலவற்றில் தனி ரிலே கிடையாது. கணினிப் பெட்டி ஒன்று விளக்குகளைக் கவனிக்கிறது. 'டிக் டிக்' சத்தமும் ஒலிபெருக்கியிலிருந்தே வருகிறது. ஆனால் செய்தி மாறவில்லை. வேகமாக அடித்தால், இறங்கிப் போய்ப் பார்.

இரண்டு வெள்ளிப் பாடம்

பொங்கல் விழா முடிந்த மறுநாள், தோழிகள் நால்வரும் விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் பின்பல்பை மாற்றினோம். முன்பெட்டியில் கிடந்த பழைய ரிலேயை மீண்டும் மாட்டினோம். சிக்னல் நிதானமாக அடித்தது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே பின்பல்பைக் கழற்றினேன். உடனே படபடவென்று அடித்தது. 15 விநாடியில் 38. நவம்பரில் கேட்ட அதே சத்தம். பழுது என்று நான் கழற்றிப் போட்ட ரிலே, இவ்வளவு நாளும் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

45 வெள்ளி போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாலையில் சிதறிக் கிடந்த அந்தச் சாப்பாட்டுப் பொட்டலத்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. அவருக்கு வேறு பொட்டலம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. பெயரைக் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை அவர் படிக்கப் போவதில்லை, நீங்கள் படிப்பீர்கள்.

நண்பர்களே, சிக்னல் விளக்கு நமக்காக எரிவதில்லை. நாம் எங்கே திரும்புகிறோம் என்பது நமக்குத் தெரியும். அது நமக்குப் பின்னால் வருபவருக்காக எரிகிறது. அது எரியவில்லை என்பதை நம்மிடம் சொல்வதற்குக் காரில் இருப்பது அந்த ஒரு சத்தம்தான். அடுத்த முறை அது வேகமாக அடித்தால், அதன் வாயை அடைக்க வழி தேடாதீர்கள். காரை ஓரமாக நிறுத்துங்கள். அவசர விளக்கைப் போடுங்கள். இறங்கிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.